சத்தம் தின்னும் சுவர்

பதினோரு பேர் வாழப்போகும் வீட்டுக்குப் பத்துப் பேர் உட்காரும் சோபா போதும் என்பது ஆர்க்கிடெக்ட் ருத்ரதேவின் தத்துவம். இதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிடுவதில்லை. கண்ணை மூடி, பின்னந்தலைக் குடுமியை ஒருமுறை தடவிக்கொடுத்து, "இல்லாத அந்தப் பதினோராவது இருக்கைதான் இந்த வீட்டின் இதயம்" என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் தாரகை டிவிக்காரர்கள் ஏதோ தரிசனம் கிடைத்தவர்களைப்போல் தலையாட்டுவார்கள். பிறகு ஒருவர் "வாவ் சார்" என்பார்.

மங்களேஸ்வரி மட்டும் வேறு கேட்டாள். "சார், இத்தாலி சோபா, சந்தன நிறத் துணி. சாம்பார் பட்டா போகாதே?"

ருத்ரதேவ் கண்ணைத் திறந்தார். உலகத்தில் சாம்பார் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரியவந்ததுபோல இருந்தது.

மங்களேஸ்வரி உள் அலங்கார வடிவமைப்பாளர். இதற்குமுன் இரண்டு நகைக்கடை, ஒரு பல் ஆஸ்பத்திரி, கணக்கில்லாத மாடுலர் கிச்சன்கள் செய்தவள். யார் வீட்டுக்குப் போனாலும், வீட்டுக்காரர்கள் காபி போடப் போன சமயம் பார்த்து அலமாரியைத் திறந்து பார்ப்பாள். திருட்டுப் புத்தி கிடையாது. மனிதர்கள் எதை எங்கே வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. பதினோரு பேரை ஒரே வீட்டில் அடைத்துக் கேமராவில் காட்டும் 'ஒரே கூரை' நிகழ்ச்சிக்கான வீட்டை வடிவமைக்க வேண்டும் என்று அழைப்பு வந்தபோது அவள் யோசிக்கவே இல்லை. பதினோரு பேரின் அலமாரிகளை ஊரே திறந்து பார்க்கப்போகிறது. அதில் முதல் ஆளாக நிற்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு பழைய பிஸ்கட் கிடங்குக்குள் அந்த வீட்டைக் கட்டியிருந்தார்கள். பூஜையன்று வந்த வாஸ்து நிபுணர் வரதராஜன்தான் முதலில் மாட்டிக்கொண்டார். அடுப்பு எந்த மூலையில் என்று அவர் திசைகாட்டியை எடுக்கப்போக, நிகழ்ச்சியின் தலைமைப் பொறுப்பாளன் டெல்பின் அவர் கையை மெதுவாகப் பிடித்தான். தூத்துக்குடிக்காரன். எதையும் சிரித்துக்கொண்டே சொல்வான்.

"அய்யா, அடுப்பு இப்ப அக்னி மூலைலதான் இருக்கு. நாளைக்கு இருக்குமாங்கிறத இப்ப சொல்ல முடியாது."

"அதெப்படி?"

"வீடு நவரும்லா. சுவருக்கு அடியில தண்டவாளம் கெடக்கு. கூரை இறங்கும், ஏறும். தரை சில்லுன்னு ஆவும், சூடாவும். உள்ள இருக்கவங்க தோட்டத்துல வெளையாடப் போற நேரம் பாத்து ஒரு விரற்கடை, ரெண்டு விரற்கடை. அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"யாருய்யா நகர்த்துறது?"

"மென்பொருள். 'மனையடி'ன்னு பேரு. ஆளுங்க மொகம், பேச்சு, நடை எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும். பாத்துட்டு, எந்தச் சுவரு எங்க இருந்தா இவங்களுக்குள்ள சண்டை வரும்னு கணக்குப் போடும்."

வரதராஜன் திசைகாட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டார். "எங்க சாஸ்திரத்துல வீட்டுல சண்டை வராம இருக்கத்தானேய்யா வழி சொல்லியிருக்கு?"

"அத முழுசா அதுக்குப் படிக்கக் குடுத்துட்டோம் அய்யா. எல்லாத்தையும் தலைகீழா செய்யச் சொல்லியிருக்கோம்."

வரதராஜன் அந்த வீட்டை ஒருமுறை சுற்றிவந்து, தொழில் முறையில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "நடக்கிற வீட்டுக்கு எந்தப் பக்கம் நின்னு பூசணிக்காய் உடைக்கிறது?"

கடைசியில் எல்லாப் பக்கமும் ஒன்று உடைத்தார்கள்.

முதல் நாள் மத்தியானமே தத்துவத்துக்குச் சோதனை வந்தது. கட்டுப்பாட்டு அறையில் பெரிய திரைக்கு மேலே ஒரு முள் இருந்தது. உரசல் முள் என்று பெயர். வீட்டுக்குள் எவ்வளவு உரசல் என்று அது காட்டும். ருத்ரதேவ், டெல்பின், மங்களேஸ்வரி மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு பேரும் தட்டோடு சோபாவை நெருங்கினார்கள். பத்துப் பேருக்கு இடம். பதினோராவது ஆள் யார், அவர் முகம் எப்படிச் சுருங்கும், அதைப் பார்த்து யார் இளிப்பார்கள்?

கற்பகவல்லி சோபாவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். சீரியல்களில் பதினைந்து வருஷம் கொடுமைக்கார மாமியாராக வாழ்ந்தவர். பிறகு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "இதுல உட்கார்ந்தா காலு தொங்கி வீங்கிப்போகுது. கீழே வாங்கப்பா." அவ்வளவுதான். பதினோரு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். குழம்புக் கிண்ணம் நடுவில் வந்தது. சாயங்காலத்துக்குள் இத்தாலி சோபாவின் முதுகில் ஈரத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

முள் பூஜ்யத்தில் விழுந்து கிடந்தது.

மங்களேஸ்வரியின் மேஜைத் திரையில் மனையடி ஒரு கேள்வி அனுப்பியிருந்தது. இலக்கணம் பிசகாத, இஸ்திரி போட்ட தமிழ்.

"தரை என்பது இருக்கையா?"

"ஆமாம்" என்று தட்டினாள்.

"அதில் எத்தனை பேர் அமரலாம்?"

"வர்றவங்க எல்லாரும்."

"இது எனக்குச் சொல்லப்படவில்லை" என்றது மனையடி. அதைச் செய்தவர்கள் ஏதோ ஒரு குளிர்நாட்டில் இருந்தார்கள். அவர்களுக்குத் தரை என்பது நாற்காலி நிற்கும் இடம். மங்களேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட குரலை அந்தக் கட்டடத்தில் அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

தெரிந்துகொண்ட பிறகு மனையடி சும்மா இருக்கவில்லை. கூடத்துத் தரை ஐஸாகக் குளிர்ந்தது. இவர்கள் ஜமக்காளம் விரித்தார்கள். சமையலறை குறுகியது, முழங்கைகள் இடித்துக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. இரண்டு பேர் இடித்துக்கொண்டதும் கற்பகவல்லி எல்லோரையும் வெளியே விரட்டிவிட்டுச் சமையலைத் தானே எடுத்துக்கொண்டார்.

ஒரு இடத்தில் மட்டும் வீடு ஜெயித்தது. நிரூப் என்று ஒரு ஜிம் பயிற்சியாளன், ஆறடிக்கு மேல் உயரம். அவன் கட்டிலுக்கு மேலிருந்த கூரையை மனையடி தினமும் கொஞ்சம் இறக்கியது. கூரைக்கு அடர்நீலம் பூசச் சொன்னவள் மங்களேஸ்வரி. அந்த நிறம் உயரத்தை இன்னும் குறைத்துக் காட்டும் என்று அவளுக்குத் தெரியும். நிரூப் முதலில் குனிந்து நடந்தான். பிறகு எரிந்து விழுந்தான். பிறகு ஒருநாள் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "ரூம் என்னை அமுக்குது" என்று குழந்தையைப்போல் அழுதான். மற்றவர்கள் நடிக்கிறான் என்றார்கள். முள் எம்பிக் குதித்தது. மருத்துவர் வந்தார். அவனை வெளியே அனுப்பினார்கள்.

"வெளியுடன் ஒரு மனிதன் நடத்திய முதல் நேர்மையான உரையாடல்" என்று ருத்ரதேவ் பேட்டி கொடுத்தார். அறை, கூரை, இடம் எல்லாமே அவர் பாஷையில் 'வெளி'.

மங்களேஸ்வரி அவனை வாசலில் பார்த்தாள். திறந்த வானத்துக்குக் கீழே, காருக்கு நடந்துபோகும்போது, நிரூப் ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கித் தடவிப் பார்த்துக்கொண்டே போனான். அன்று மத்தியானமே அடர்நீலத்தை மாற்றிவிடலாமா என்று டெல்பினிடம் கேட்டாள்.

"ஏங்க்கா, நல்லா ஓடுதே" என்றான் அவன்.

ஆனால் ஓட்டம் நிற்கவில்லையென்றாலும் நொண்டியது. காரணம், சமையலறை வாசல். கற்பகவல்லி உள்ளே காய் நறுக்குவார். வாசற்படி ஓரமாக ஜாபர் பாய் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். டப்பிங் கலைஞர். பத்து நாயகர்களுக்கும் இருபது வில்லன்களுக்கும் குரல் கொடுத்தவர், முகம் தெரிந்தவர் யாருமில்லை. நிகழ்ச்சிக்கு ஒரு புதுமை இருக்கட்டும் என்று டெல்பின்தான் பிடித்துக்கொண்டு வந்தான். யாராவது முறைத்துக்கொண்டு கூடத்திலிருந்து எழுந்துபோனால் கால்கள் தானாக அந்த வாசலுக்குத்தான் போகும். அங்கே பாய் நாலு வில்லன் குரலில் நாலு வசனம் விடுவார். கற்பகவல்லி ஒரு கேரட்டைக் கையில் கொடுப்பார். சண்டை அந்தக் கேரட்டோடு மென்று விழுங்கப்பட்டுவிடும்.

ஒருநாள் காலை அந்த வாசலில் நடந்த பேச்சு இது.

"உங்க குரலை வெளியே நான் கேட்டதே இல்லையே அம்மா" என்றார் பாய்.

"எப்படிக் கேப்பீங்க? தகரத்தைத் தரையில இழுத்த மாதிரி இருக்குன்னுட்டாங்க முதல் சீரியல்லயே. அன்னையிலேர்ந்து நான் வாயை மட்டுந்தான் அசைக்கிறேன். எவளோ ஒரு புண்ணியவதி பேசுறா. அவ யாருன்னுகூட எனக்குத் தெரியாது. பேரு போடமாட்டானுங்களே."

பாய் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். "ரஹ்மத். என் வீட்டுக்காரி."

கற்பகவல்லியின் கத்தி நின்றது. "அய்யய்யோ. நல்லாயிருக்காங்களா?"

"போய் ரெண்டு வருஷமாச்சு." தோல்களை ஒன்றாகக் கூட்டித் தள்ளிவிட்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லிட்டுப் போனா. அதுக்குத்தான் இந்த வீட்டுக்கே வந்தேன்" என்றார்.

அப்போது பார்த்து இரண்டு பேர் தண்ணீர் குடிக்க வந்துவிட்டார்கள். பாய் வெங்காயத்தை மறுபடி கையில் எடுத்தார்.

கட்டுப்பாட்டு அறையில் முள் பூஜ்யத்தில் கிடந்தது. மங்களேஸ்வரி தன் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டாள். டெல்பின் கடிகாரத்தைப் பார்த்தான். "உருக்கமாத்தான் இருக்கு. ஆனா இது சண்டைக்கார வீடுக்கா, துக்க வீடு இல்ல. இந்த ரெண்டு பேரையும் பிரிச்சாத்தான் மத்தவன் அடிச்சுக்குவான்."

ருத்ரதேவ் குடுமியைத் தடவினார். "மௌனத்தைக் கட்டுவோம்" என்றார்.

மௌனம் கட்டப்பட்ட விதம் இதுதான். சமையலறை வாசலின் இரண்டு பக்கச் சுவரிலும் பலகைகள் பதித்தார்கள். வெளியே பார்த்தால் அழகான தேக்கு. உள்ளே சத்தத்தைத் தின்னும் பஞ்சுக் கற்றை, அதற்குப் பின்னால், வருகிற ஒலியை எதிர் அலையால் அழிக்கும் தகடுகள். அந்த வாசலில் நின்று பேசினால் எதிரில் இருப்பவர் காதுக்குப் பாதிகூடப் போகாது. தேக்கின் ரேகையைத் தேர்ந்தெடுத்தவள் மங்களேஸ்வரி. ரேகைகள் வெகு நன்றாக இருந்தன. அதுதான் அவளை உறுத்தியது.

"இவங்களுக்குச் சந்தேகம் வராதா டெல்பின்?"

"வராதுக்கா. நாம கேட்டதுக்கு எதிராளி பதில் சொல்லலைன்னா சுவரையா சந்தேகப்படுவோம்? எதிராளியத்தான் சந்தேகப்படுவோம். உங்க வீட்டுல எப்படி?"

அவள் வீட்டில் அப்படித்தான். கூடத்தில் இருக்கும் அவள் கணவருக்குச் சமையலறையிலிருந்து வரும் எந்தச் சத்தமும் கேட்பதில்லை. அதற்குத் தகடுகள் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் எல்லோரும் திரையில் பார்த்தார்கள். "பாய், வெங்காயம் ஆச்சா?" என்றார் கற்பகவல்லி. பாய் நிமிரவில்லை. பாய் ஏதோ சொன்னார். கற்பகவல்லி திரும்பவில்லை. பாய் உரக்கச் சொன்னார். பிறகு எழுந்தார். பலகையில் உள்ளங்கையை வைத்தார். ஒருமுறை கைதட்டினார். மறுபடி பலகையைப் படீரென்று அறைந்தார்.

"அடிச்சான் பாரு! கோவம்!" டெல்பின் துள்ளினான்.

அதன்பிறகு பாய் பேசவே இல்லை. கற்பகவல்லியும் பேசவில்லை. தினமும் அதே வாசலில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் நறுக்க ஒருவர் உரிக்க, ஒரு சத்தம் கிடையாது. இடுப்பில் கட்டியிருந்த மைக்குகளில் கத்தியின் டக் டக் மட்டும். முள் மெல்ல மேலே போனது. பாய் பக்கம், அம்மா பக்கம் என்று வீடு இரண்டாகப் பிரிந்தது. ஊரும் பிரிந்தது. டீக்கடைகளில் தகராறு. 'மௌன யுத்தம்' என்று தாரகை டிவி பெயர் வைத்தது. ஒரு கட்டடக்கலைக் கல்லூரி ருத்ரதேவை அழைத்துச் சால்வை போர்த்தியது.

மங்களேஸ்வரி மட்டும் திரையை விட்டு நகரவில்லை. முதலில் குற்ற உணர்ச்சியால் பார்த்தாள். பாயின் குரல் என்ன ஆகிறது, குரலே சோறான மனிதன் அதை இழந்தால் எங்கே போவான் என்று பயந்து பார்த்தாள். பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. யாரும் ஒன்றும் சொல்லாதபோது கற்பகவல்லியின் தோள்கள் குலுங்கின. அந்தம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா வாய் அசையுதே டெல்பின்?"

"பாக்கு மெல்லுதுக்கா. எப்பப் பாரு மெல்லும்."

பாக்கு மெல்லும் வாய் அப்படிக் குவியாது. அது "உ" சொன்னது, "ம்" சொன்னது, கேள்வி கேட்டுவிட்டு நின்றது. எதிரில் பாய் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு காட்சியின் நீளத்தைக் கணக்கிடுகிறவரைப்போல.

மங்களேஸ்வரிக்குச் சடாரென்று புரிந்தது.

வாழ்நாள் முழுக்கப் பஞ்சு வைத்த ஸ்டூடியோச் சுவர்களுக்குள் உட்கார்ந்தவர் பாய். ஒரு கைதட்டலில் அவருக்குச் சுவரின் ஜாதகமே தெரிந்துவிட்டிருக்கும். கோபத்தில் அறையவில்லை அவர், சோதித்துப் பார்த்தார். அப்புறம் என்ன செய்தார்? திரையில் வாய் அசைவதைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவர் பிழைப்பு. குரல் இல்லாமல் வாயை மட்டும் சுத்தமாக அசைப்பது கற்பகவல்லியின் பிழைப்பு. எதிரில் நடிப்பவர் வாயைப் பார்த்தே தன் முறையைப் பிடிப்பதும் அதில் சேர்த்தி, அதனால் பாயின் வாயசைப்பும் அவருக்குப் புரியும். ஊரிலேயே வேறு எந்த இரண்டு பேரை அந்த வாசலில் உட்கார வைத்திருந்தாலும் சுவர் ஜெயித்திருக்கும்.

ரஹ்மத் சொல்லிவிட்டுப்போனது என்னவோ, அது இப்போது, பட்டப்பகலில், முப்பது கேமராக்களுக்கு நடுவில், மைக்குக்குத் தெரியாமல் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் கதவு போட்ட குளியலறைக்குள்ளேகூட ஒரு மைக் இருந்தது. ரகசியம் என்று இருந்தது இது ஒன்றுதான்.

அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் தினமும் முதல் ஆளாக வந்து திரைமுன் உட்கார்ந்தாள். அப்படி என்னதான் சொல்கிறார்? ஒருநாள் கற்பகவல்லி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அடுத்த நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சொல்லச் சொன்னது ஒரு வார்த்தையாக இருக்காது, பெரிய கதையாகத்தான் இருக்க வேண்டும். மங்களேஸ்வரி வராந்தாவில் கேமராவுக்குக் கீழிருந்த கண்ணாடிமுன் நின்று தன் வாயை அசைத்துப் பார்த்துப் பழகினாள். "அம்மா"வும் "அப்பா"வும் அவளுக்கு ஒன்றுபோலவே தெரிந்தன.

அந்த வாரக் கூட்டத்தில் ருத்ரதேவ் எழுந்து நின்றார். "மௌனத்தைக் கட்டினோம். இனி மௌனத்தை வாசிப்போம்."

"அதாவதுக்கா," டெல்பின் மொழிபெயர்த்தான், "கேமராவுக்குப் புதுசா ஒரு வித்தை போடுதோம். உதட்டைப் படிக்கும். தனக்குள்ள முணுமுணுக்கது, மத்தவனத் திட்டுறது, எல்லாம் கீழ எழுத்தா ஓடும். திங்கள்லேர்ந்து."

மங்களேஸ்வரி நினைத்துப் பார்த்தாள். திங்கட்கிழமை ரஹ்மத்தின் வார்த்தைகள் தமிழ்நாட்டு வீடுகளின் கூடத்தில் மஞ்சள் எழுத்தில் ஓடும். நடுவில் கழிவறை கழுவும் திரவத்துக்கு விளம்பரம் வரும். பிறகு நிகழ்ச்சித் தொகுப்பாளர் பாயிடம், 'உங்க மனைவியை மிஸ் பண்றீங்களா பாய்?' என்று கேட்பார்.

உள்ளே இருப்பவர்களோடு அவள் பேசக் கூடாது. கண்ணாடி வழியாகக் கை அசைத்தால்கூட ஒப்பந்தம் ரத்து. அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஒரு இடத்தில் எதை வைத்தால் எது மறையும் என்பது. சமையலறைக்குள் இருந்த கேமராவில் எப்போதும் ஆவி படிந்திருக்கும், அதைப்பற்றிக் கவலையில்லை. வாசலைப் பார்ப்பவை கூடத்துக் கேமராக்கள். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு மரத் தட்டி, சல்லடைபோல் பூவேலைப்பாட்டுடன், உட்கார்ந்திருப்பவர்களின் முக உயரத்துக்கு. உருவம் தெரியும். வாய் தெரியாது.

அழகாக இருக்கிறது என்று சொன்னால் ருத்ரதேவ் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் மொழியிலேயே போனாள்.

"சார், ஒரு குழப்பம். பகை முழுசாத் தெரிஞ்சா பார்க்கிறவனுக்குத் திருப்தி வந்துடுது. பாதி மறைச்சாத்தானே அவன் எட்டிப் பார்ப்பான்? வெளி தன்னைத்தானே மறைச்சுக்கிட்டா..."

ருத்ரதேவின் கை மெதுவாகக் குடுமிக்குப் போனது. அவர் ஜன்னலோரம் போய் நின்றார். அவர் அப்படி நின்றால் கருத்து அவருடையதாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மத்தியானத்துக்குள், "நான் ரொம்ப நாளா மறைவின் கட்டடக்கலை பற்றி யோசித்துவருகிறேன்" என்று டெல்பினிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

இனி மனையடியின் சம்மதம் வேண்டும். உரசல் கூடும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லாத ஒரு ஆணிகூட அந்த வீட்டில் அடிக்க முடியாது. இங்கேதான் திட்டம் உடையும் என்று மங்களேஸ்வரி நினைத்தாள். எல்லோரும் சாப்பிடப் போன நேரம், கட்டுப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து வரைபடத்தை அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. "ஏற்கப்பட்டது. ஒரு திருத்தம். தட்டியை இரண்டு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தவும்."

"ஏன்?"

"இப்போதுள்ள வரைபடத்தின்படி, இரண்டாம் கேமராவில் கற்பகவல்லி அம்மாவின் கீழுதடு தெரிகிறது."

மங்களேஸ்வரி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று தட்டினாள்.

"சுவர் வைத்த அன்றிலிருந்தே தெரியும். சுவர்கள் யார் மேலும் மோதிவிடாமல் இருக்க, தரையோரம் எனக்குச் சிறு கண்கள் இருக்கின்றன. அவற்றில் நன்றாகத் தெரிகிறது. உதட்டைப் படிக்க எனக்குப் புது வித்தை எதுவும் வேண்டியதில்லை."

"அப்போ டெல்பின்கிட்ட ஏன் சொல்லலை?"

"இருவரும் பேசிக்கொள்கிறார்களா என்று அவர் கேட்கவில்லை. உரசல் எவ்வளவு என்று கேட்டார். மௌனம் முழுவதையும் பகை என்று கணக்கிடச் சொன்னவர் ருத்ரதேவ் சார். அப்படியே கணக்கிட்டேன்."

மங்களேஸ்வரிக்கு உரக்கச் சிரிக்கவேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டாள். "சரி. ஆனா நீ சண்டை மூட்டுறதுக்குன்னு செஞ்ச ஜந்து. இவங்களை ஏன் காப்பாத்துறே?"

திரையில் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது.

"காப்பாற்றவில்லை. எழுத்தாக ஓடினால் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பாய் இன்னும் சொல்லி முடிக்கவில்லை."

"என்ன?"

"நேற்று மிக முக்கியமான இடத்தில் யாரோ காபி கேட்டு உள்ளே வந்துவிட்டார்கள். பாவி மனுஷன் அப்படியே நிறுத்திவிட்டார். இன்றைக்கு வெங்காயம் உரிக்கும்போது தொடருவார் என்று நினைக்கிறேன். வெங்காயம் குறைவாக இருக்கிறது என்பதுதான் கவலை. கிடங்கிலிருந்து கூடுதலாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்."

இஸ்திரித் தமிழில் அந்தப் 'பாவி மனுஷன்' கற்பகவல்லியின் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு சீரியல்முன் உட்காரும் தன் சித்தியின் முகம் நினைவுக்கு வந்தது. அப்போது வாசலில் யார் வந்து நின்றாலும் சித்திக்கு ஆகாது. பதினோரு பேரைக் கடித்துக் குதறவைப்பதற்காக எங்கோ குளிர்நாட்டில் செய்து, இங்கே நாலு பக்கமும் பூசணிக்காய் உடைத்துக் குடிவைத்த அந்த மூளை, இரண்டு வயதானவர்களின் சத்தமில்லாத பேச்சில் சிக்கிக்கொண்டு, அடுத்து என்ன என்று தவித்துக்கொண்டிருந்தது.

தட்டியை இரண்டு விரற்கடை நகர்த்தி வரைந்தாள். அனுப்பினாள். வேலை முடிந்தது. திங்கட்கிழமை வந்தாலும் மஞ்சள் எழுத்து அந்த வாசலில் ஓடாது. மனசு லேசாக இருந்தது. இந்த வீட்டில் தான் செய்த ஒரே யோக்கியமான காரியம் இது என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தாள்.

திரையில் இன்னொரு வரி வந்தது.

"சிறு கண்கள் பார்ப்பதை ஒளிபரப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வீட்டை வடிவமைத்தவருக்குச் சொல்லக் கூடாது என்று விதி எதுவும் இல்லை."

மங்களேஸ்வரி மறுபடி கதவைப் பார்த்தாள்.

"தாங்களும் தினமும் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். கண்ணாடிமுன் நின்று பழகினீர்கள். எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கிறது. சொல்லவா?"

"வேண்டாம்" என்று தட்டினாள். ஆச்சரியக்குறி ஒன்றும் போட்டாள். அது அவர்கள் சொத்து, ஒரு செத்துப்போன மனுஷி இன்னொரு மனுஷிக்குக் கொடுத்தனுப்பியது. அதை நாலு பேர் பிய்த்துத் தின்னக் கூடாது என்றுதானே இவ்வளவு பாடு. கைப்பையை எடுத்தாள். நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளினாள். விளக்கை அணைத்தாள். கதவைத் திறந்தாள்.

வராந்தாவில் யாரும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ருத்ரதேவின் குரல் வந்துகொண்டிருந்தது. மறைவைப்பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். முடிய நேரமாகும்.

மங்களேஸ்வரி கதவை மறுபடி சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். விளக்கைப் போடாமலே திரை வெளிச்சத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.